இருபதடிக்கு அப்பால் கடைசி வரி

சங்கரவடிவு பனையடி விலக்கில் காலை முதல் பஸ்சிலிருந்து இறங்கியபோது, அந்த ஊர்க் கண் ஆஸ்பத்திரி எழுத்து அட்டையின் கடைசி வரி தினம் ஒரு ஆளைப் பற்றி எழுதிக் காட்ட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது, அதனால் யாரும் அதை அதிசயம் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பதைப் போல அதுவும் ஒரு தகவலாகிப் போயிருந்தது. வடிவுக்கு இதெல்லாம் தெரியாது. செத்துப்போன கண் டாக்டர் ஒருவரின் அலமாரியும், அதன் இழுப்பறைகளில் இருக்கிற சோதனை வில்லைகளும், சுவரில் தொங்கும் எழுத்து அட்டையும் விலைக்கு வந்திருக்கின்றன, கோயம்புத்தூர் நாச்சிமுத்து வாங்கப் பார்க்கிறார், அவர் வருவதற்குள் இவள் போய் அது அசலா போலியா, என்ன பெறும் என்று பார்த்து வைக்க வேண்டும், இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

பார்த்து வைக்க வேண்டும். அங்கேதான் வம்பு. பழைய கண் சோதனைச் சாமான்களுக்கு மதிப்புப் போடுவதில் வடிவை விட்டால் ஆள் இல்லை என்று மதுரையிலிருந்து சென்னை வரைக்கும் சேகரிக்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்த வடிவுக்கோ ரெண்டு வருஷமாக ரெண்டு கண்ணிலும் புரை. எதிரே வருகிற மனுஷர்கள் கஞ்சித் தண்ணீருக்குள் நடமாடுவதுபோலத் தெரிந்தார்கள். இது வெளியே தெரிந்தால் அவளை எவன் கூப்பிடுவான்? சமையல்காரிக்கு நாக்கு செத்துப்போச்சு என்றால் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா? ஐம்பத்திரண்டு வயதில், புருஷன் இல்லாத வீட்டில், அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுக்குச் சோறு போட்டது.

ஆகவே விரலால் பார்த்தாள். வில்லையை எடுத்துக் கீழுதட்டில் வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் என்றால் அந்தச் சில்லிப்பு வராது. இழுப்பறையின் பின்பலகையைத் தடவினால் கையால் இழைத்த மரம் அலை அலையாக ஓடும், மிஷினில் இழைத்தது வழுக்கிக்கொண்டு போகும். பழைய வெல்வெட்டுக்கு ஒரு வாடை, புது வெல்வெட்டுக்கு ஒரு வாடை. இப்படியே நாச்சிமுத்துவுக்கு மட்டும் பதினாலு சாமான்களுக்கு மதிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டு, ஒன்றுகூடத் தப்பாகவில்லை. "போய் ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். பழைய காலத்துப் புரை உரிக்கிற கத்திகள் முப்பத்தியொன்றை அவள் தன் கையால் பெட்டியிலிருந்து எடுத்து, கைப்பிடியைத் தடவி, முனையைச் சோதித்து விலை போட்டிருக்கிறாள். அந்த ஒவ்வொரு கத்தியும் அவள் கனவில் தனித்தனியாக வரும். கத்தியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவளை அதற்கடியில் படுக்கச் சொன்னால் எப்படிப் படுப்பாள்?

பனையடி விலக்கோ டிரைவர்களின் ஊர். லாரி, பஸ், வேன், தண்ணி டிராக்டர் என்று வீட்டுக்கு ஒரு ஆள் ஏதாவது ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான், லைசென்சுக்குக் கண் சோதனை செய்ய டாக்டரிடம்தான் போக வேண்டும், அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு எழுத்து அட்டை. அதனால் அந்த ஊரில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வருவதற்கு முன்னாலேயே அட்டை வந்துவிடும். மேலிருந்து கீழே எட்டு வரியையும், கீழிருந்து மேலே எட்டு வரியையும், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு ராகம், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வேறொரு ராகம் என்று நாலு தலைமுறையாக ஒப்பித்தார்கள். அட்டையை நிமிர்ந்து பார்த்தவன் ஒருத்தனும் கிடையாது. டாக்டரும் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அட்டைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள், டாக்டர் ஆவி என்று சிலர் சொன்னார்கள், காரணம் எதுவானால் என்ன, ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆடு மேய்க்கிற இசக்கியம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, "ஏ, அடியில கெடக்கிற எறும்பு வரிசை நேத்து மாதிரி இல்லையே" என்றாள்.

இசக்கிக்குக் கண் அப்படி. ரெண்டு மைலுக்கு அப்பால் செல்போன் டவரில் எத்தனை காக்கா உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள், எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. கடைசி வரியோ இருபதடி தள்ளி நின்றால்தான் தெரிந்தது, ஒரு அடி கிட்டப் போனாலும் பழைய எட்டாவது வரியாகப் பவ்யமாக நின்றுகொண்டது, செல்போனில் படம் எடுத்தால் அதிலும் பழைய வரிதான் விழுந்தது. இருபதடியிலிருந்து அந்தப் பொடி எழுத்தைப் பார்க்கிற கண் டிரைவர்கள் ஒருத்தருக்கும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாம்பாளத்தில் மணலைப் பரப்பி வைப்பார்கள், இசக்கி அட்டையைப் பார்த்துப் பார்த்து ஆட்டுக் கம்பால் அந்தக் கோடுகளை அப்படியே மணலில் இழுப்பாள், எழுத்துத் தெரிந்த ஒருத்தர் அதைப் படிப்பார், மற்றவர்கள் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், படித்து முடித்ததும் மணலைக் கலைத்துவிட வேண்டும். பெயர் வந்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

அந்த வரி பெரிய ரகசியம் எதையும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்து, சம்பந்தப்பட்ட ஆள் மட்டும் பார்க்காமலோ ஒத்துக்கொள்ளாமலோ இருந்ததைத்தான் சொன்னது. அதனால்தான் அவ்வளவு எரிச்சல். முதலில் தலைமையாசிரியர்தான் படித்துக்கொண்டிருந்தார், ஒரு நாள் அவர் பெயரே வந்தபோது மனுஷன் சாமர்த்தியமாக வேறு யார் பெயரையோ படித்துவிட்டார், வரியோ மாறாமல் நாலு நாள் அப்படியே நின்றது, சரியாகப் படிக்கிற வரைக்கும் அது அகலாது என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஊர்க்காரர் யாரும் படிக்கக் கூடாது, காலை முதல் பஸ்சில் இறங்குகிற வெளியூர் ஆள்தான் படிக்க வேண்டும், வெளியூர்க்காரருக்கு நம்மைப் பற்றி என்ன வந்தது என்று பஞ்சாயத்தில் முடிவு கட்டினார்கள். வாத்தியார் கதையை வெளியூர்க்காரரிடம் சொல்லக் கூடாது என்பதும் சேர்த்து முடிவானது, ஊர் மானம் இருக்கிறதல்லவா.

அப்படித்தான் வடிவு இறங்கி முந்தானையைச் சரிசெய்வதற்குள் டாக்டரின் கம்பவுண்டர் தங்கையா அவள் பையை வாங்கிக்கொண்டார்.

"வாங்கம்மா. அலமாரி எங்கேயும் ஓடிப்போகாது. மொதல்ல ஒரு வரி படிச்சுத் தந்துட்டுப் போங்க."

"நான் மதிப்புப் போட வந்தவ."

"போடலாம். ஆறு நாப்பது பஸ்சு இதுக்குத்தான் நிக்குது. டிரைவர் வேற அவசரப்படுதான்."

நடக்கும்போதே அவர் விஷயத்தைச் சொன்னார், அவளும் ம் கொட்டினாள். ஒரு அட்டை ஊர்க்கதை எழுதுகிறது என்பதைவிட, அதைத் தன்னைப் படிக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மணல் ஒரு மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது, அதில் எழுத்து இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் கண்ணை மூடி விரலை வைத்தாள். அட, பள்ளம் பள்ளமாக எழுத்து விரலுக்குத் தெரிந்தது.

"சண்முகக்கனி ஹார்ன் அடிப்பது ரோட்டுக்கு அல்ல, மேலத்தெரு மரகதத்துக்கு" என்று படித்தாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊரே சிரித்தது. பஸ் டிரைவர் சண்முகக்கனிக்கு வயது நாற்பத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை. அவன் மட்டும் சிரிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆமா, அங்கன வளைவு கூட இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆவுடையப்பன் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னான். விரலால் படித்ததை யாரும் தப்பாகச் சொல்லவில்லை, அதிகம் படித்தவர்கள் இப்படித்தான் படிப்பார்கள் போல என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பகல் முழுக்க வடிவு அலமாரியோடு இருந்தாள். பன்னிரண்டு இழுப்பறை, இருநூற்று முப்பத்திரண்டு வில்லை, ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்து வைத்து உதடே மரத்துப்போனது. எல்லாம் கண்ணாடி, எல்லாம் பழசு. சாயங்காலம் நாச்சிமுத்து காரில் வந்து இறங்கினார். அவரை ரெண்டு வருஷமாக அவளுக்குக் குரலாகத்தான் தெரியும், ஏற்ற இறக்கம் இல்லாமல் கறாராக வருகிற குரல், அதைக் கேட்டாலே எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்று தோன்றும்.

"ஏனுங்க அம்மிணி, பாத்துட்டீங்களா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. நாளைக்கு எழுதித் தாரேன்."

"நல்லாப் பாருங்க. உங்க கண்ணை நம்பித்தானுங்க நான் வந்திருக்கறது."

அந்தச் சொல் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் முதல் பஸ்சில் ஒருத்தரும் இறங்கவில்லை. மூணு நாள் வரைக்கும் வெளியூர் ஆள் வெளியூர் ஆள்தான் என்று தங்கையா சட்டம் சொல்ல, மறுபடி வடிவையே உட்கார வைத்தார்கள். நாச்சிமுத்துவும் வேடிக்கை பார்க்கக் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இசக்கி கோடு இழுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். வடிவு விரலை வைத்தாள்.

மதிப்புப் போட வந்த வடிவுக்கு இரண்டு கண்ணிலும் புரை.

விரல் அப்படியே நின்றது. இன்னொரு தரம் முதலிலிருந்து தடவினாள், ஏதாவது ஒரு எழுத்து தவறிப்போயிருக்கக் கூடாதா என்று பார்த்தாள். தவறவில்லை. இதைப் படித்தால் பதினாலு சீட்டும் காற்றில் போகும், கோயம்புத்தூரில் ஆரம்பிக்கிற பேச்சு பொழுது சாய்வதற்குள் சென்னைக்குப் போய்விடும். முந்தின நாள் குடித்த டீ ஞாபகத்துக்கு வந்தது.

"டீக்கடை ஆவுடையப்பன் பாலில் தண்ணீர்" என்றாள்.

எல்லோரும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்கள். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, "செம்பு ஒண்ணுக்கு அரைச் செம்புதான், அதுவும் கார்த்திகையிலிருந்துதான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டான். அவன் ஒப்புக்கொண்டது வடிவுக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது. அன்றைக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள், பேனா ஓடவில்லை, இன்னும் ஒரு இழுப்பறை பாக்கி இருக்கிறது என்று நாச்சிமுத்துவிடம் பொய் சொன்னாள். அவர், "பாருங்க, பாருங்க, அவசரமில்லீங்க" என்று அதே கறார்க் குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள். அன்றைக்கும் பஸ்சில் ஆள் இல்லை. இசக்கி கம்பால் கோடு இழுத்து முடித்தவள் நகர்ந்து போகவில்லை, வடிவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் பேசினாள்.

"ஏம்மா, நேத்துப் போட்டதும் இன்னைக்குப் போட்டதும் ஒண்ணுதான்."

மணலுக்கு நீட்டிய கையை வடிவு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா நாப்பது ஆட்டையும் மூஞ்சியப் பாத்தே இன்னது இன்னதுன்னு சொல்லுவேன். நேத்து வந்த அதே மூஞ்சிகதான் இன்னைக்கும் வந்திருக்கு. நீ வேற என்னத்தையோ படிச்சிருக்கே."

"இசக்கியக்கா, இத மட்டும் வெளிய விட்டுராதீங்க. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"நான் என்னத்த விட. இது அதுவா போகாது பாத்துக்கோ. சரியாப் படிக்கிற வரைக்கும் தெனம் வரும். இன்னையோட உனக்கு மூணு நாள் முடிஞ்சிரும், நாளைக்கு வேற ஆளு வந்து படிப்பான். அதான், உன் வாயால நீயே சொல்லுதியா, இல்ல எவனோ ஒருத்தன் சொல்லி நீ கேக்கப் போறியான்னு கேக்கேன்."

வடிவுக்கு அழுகை வந்தது. ரெண்டு வருஷமாக அவள் கையும் உதடும் மூக்கும் மாடாக உழைத்துக் காப்பாற்றி வைத்த பெயர், ஒரு ஆட்டுக்காரியின் தாம்பாளத்து மணலில் கிடந்தது. அதை இன்னொருத்தன் வாயால் கேட்க அவளால் முடியாது. எழுந்து நின்றாள், நாச்சிமுத்து நிற்கிற இடம் எது என்று தெரியாததால் பொதுவாக எல்லோரையும் பார்த்து, மணலைத் தொடாமலேயே சொன்னாள்.

"மதிப்புப் போட வந்த வடிவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. நேத்தும் இதான் வந்துச்சு. நான் மாத்திப் படிச்சிட்டேன்."

முதலில் ஆவுடையப்பன் குரல்தான் கிளம்பியது.

"அப்ப நேத்து நான் எதுக்குவே ஒத்துக்கிட்டேன்?"

"கலந்தது நெசந்தானவே" என்றார் தங்கையா.

"நெசந்தான். ஆனா என் முறை இன்னும் வரலைல்லா? அப்ப நான் இன்னொரு தடவையும் டீ வாங்கித் தரணுமா?"

இந்தப் பிரச்சினையில் ஊர் ரெண்டாகப் பிரிந்து வாதம் செய்ய ஆரம்பித்தது. வடிவின் புரையைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, இவள் முதல் நாள் பஸ்சிலிருந்து இறங்கும்போதே கம்பத்தைப் பார்த்து வணக்கம் சொன்னதை எல்லோரும்தான் பார்த்திருந்தார்களே. நாச்சிமுத்து மட்டும் கயிற்றைத் தாண்டி வந்தார்.

"அப்பப் பதினாலு சாமானும் பாக்காமத்தான் எழுதிக் குடுத்தீங்களா அம்மிணி?"

"தொட்டுப் பாத்தேன் அண்ணாச்சி."

"எங்கிட்டச் சொல்லலையேங்க."

"சொன்னா கூப்பிடுவீகளா?"

"கண்ணுல பாக்காத சீட்டை இனி நான் வாங்கறதில்லீங்க" என்றார் நாச்சிமுத்து. வடிவு தலையாட்டினாள், அவர் இன்னும் முடிக்கவில்லை. "வேற ஆளுகிட்டயும் வாங்கறதில்லீங்க. நீங்க ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் இந்தச் சாமான் இங்கயே இருக்கட்டும்."

"எனக்குக் கத்தின்னா பயம்" என்றாள் வடிவு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. சொன்னதும் மூச்சு சீராக வந்தது.

இவளைத் தனியாக விட்டால் பாதி வழியில் இறங்கிவிடுவாள் என்று இசக்கி சொன்னாள். அதனால் ஆறு நாற்பது பஸ் அன்றைக்கு எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. கையைக் காட்டிய ஊர்களையெல்லாம் தாண்டி, மேலத்தெருவில் மட்டும் ஒரு ஹார்ன் அடித்துவிட்டு, நாற்பத்திரண்டு பயணிகளோடும் ஒரு சினை ஆட்டோடும் நேரே திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பின்னாலேயே நாச்சிமுத்துவின் கார். கத்தியைக் காட்டச் சொல்லி வடிவு பிடிவாதம் பிடித்தாள், கத்தி என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார், அப்படியென்றால் பிற்காலத்தில் இதையெல்லாம் எவன் சேகரிப்பான் என்று வடிவு கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் கண் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் மற்ற கண்.

ரெண்டு மாதம் கழித்துப் பனையடி விலக்குக்கு வந்த வடிவு எல்லாவற்றையும் முறைத்து முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கருப்பு என்று நினைத்துத் துக்க வீடுகளுக்கெல்லாம் கட்டிக்கொண்டு போன சேலை மயில் கழுத்து நிறமாம். கண்ணாடியில் தெரிந்த கிழவி யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நாள் ஆயிற்று. ஊரிலோ இதற்குள் அட்டையை விற்கலாமா கூடாதா என்று ஒரு பஞ்சாயத்து நடந்து முடிந்திருந்தது. பெயர் வராதவர்களெல்லாம் உடனே விற்றுவிடுங்கள் என்றார்கள், வந்து டீ வாங்கிக் கொடுத்தவர்களெல்லாம் பாக்கிப் பேர் வருகிற வரைக்கும் அட்டை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வடிவு சீட்டில் போடுகிற காசை இப்போது கொடுத்துவிட்டு, கடைசி ஆள் பெயர் வந்த பிறகு சாமானை எடுத்துக்கொள்வது என்று நாச்சிமுத்து ஒத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது சீட்டு. வடிவு அலமாரிக்கு முன்னால் நின்றாள், முதல் தடவையாக அதைப் பார்த்தாள். அம்மாடி, என்ன அழகு. மரம் தேன் நிறத்தில் இருந்தது. அவள் கை எட்டாத உயரத்தில், உச்சியில், ஒரு பித்தளைத் தகடு தகதகவென்று மின்னியது, அதில் லண்டன் என்று கொடியும் பூவுமாக எழுதியிருந்தது. தங்கையா பெருமையாகச் சிரித்தார். நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார், லண்டன் அலமாரி என்றால் அவர் மூணு மடங்கு விலை கொடுக்க வேண்டும், ஆனால் அந்த மாதிரி இந்தியாவிலேயே நாலோ அஞ்சோதான் இருக்கும். வடிவு அந்தத் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே சீட்டில் லண்டன் என்று எழுத ஆரம்பித்தாள்.

பாதியில் கை நின்றது.

ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள். தகட்டின் நாலு மூலையிலும் இருந்த திருகாணிகளை நகத்தால் வருடினாள். கையால் செய்த பழைய திருகாணியில் கீறல் கொஞ்சம் ஒருபக்கமாக ஒதுங்கித்தான் இருக்கும், இந்த நாலிலும் நட்டநடுவில் ஓடியது, மிஷின் வேலை. தகட்டின் தூக்கி நின்ற ஓரத்துக்கு அடியில் நகத்தை நுழைத்துப் பார்த்தாள், ஆரம்பத்திலிருந்தே தகடு மூடியிருந்தால் வழவழவென்று இருக்க வேண்டிய இடத்திலும் மரம் வெயில்பட்டுச் சொரசொரத்துப் போயிருந்தது.

"இது பின்னால அடிச்ச தகடு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அலமாரி பழசுதான், நல்ல வேலைதான். ஆனா நம்ம ஊர்ப் பக்கத்து ஆசாரி வேலை. லண்டன் இல்ல."

தங்கையாவின் முகம் விழுந்துவிட்டது. "புரையோடவே எழுதிக் குடுத்திருந்தா தகட்டப் பாத்திருக்க மாட்டீக, நாங்களும் ஆசைப்பட்டிருக்க மாட்டோம்" என்று முணுமுணுத்தார்.

"ஏனுங்க அம்மிணி" என்றார் நாச்சிமுத்து, "கண்ணத் தொறந்தா லண்டனா இருக்குது, மூடுனா ஆசாரி வேலையாயிருதுங்களே. கொஞ்சம் தொறந்தே வெச்சிருக்கலாமுங்களே."

வடிவு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். லண்டன் என்று எழுதின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் அலமாரி எங்கே செய்தது, தகடு எப்போது அடித்திருக்கும், என்ன பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். இந்தச் சீட்டை அவர் வாங்கவில்லையென்றால் இனி எந்தச் சீட்டும் இல்லை.

நாச்சிமுத்து அதை ஒரு தரம் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை மதுரையில ஒரு வில்லைப் பெட்டி இருக்குதுங்க. வந்து சொல்லணும்."

"பாத்துச் சொல்லவா, தொட்டுச் சொல்லவா?"

"ரெண்டுமுங்க."

அதே கறார்க் குரல்தான். வடிவு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷன். ரெண்டு வருஷமாக அந்தக் குரலுக்குப் பயந்து செத்திருக்கிறாள், இப்படிச் சிரித்துக்கொண்டேதான் அவர் பேசியிருக்கிறார் என்று இன்றைக்குத்தான் பார்த்தாள்.